நீலத் திரை வேறு, சி வேறு

போன வருடம் தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குக் கோவில்பட்டி போயிருந்தபோது, அக்கா மகள் ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். அந்த லேப்டாப் அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2 ஜிபி ராம். பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது, ஒயரை உருவினால் அந்த நொடியே அணைந்துவிடும். "மாமா, இதுல கோடிங் பழக முடியுமா? எந்த எடிட்டர் போடணும்?" என்று கேட்டாள். எடிட்டர் என்றால் நிரலை அடித்து எழுதும் செயலி. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரொம்பப் பழசும்மா. புதுசு வாங்கினப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். "சரி மாமா" என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த "சரி மாமா" என்னை விடவில்லை. அந்த வீட்டில் ஒரு புது லேப்டாப் வாங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். நான் முதன்முதலில் சி என்ற நிரல் மொழியைப் பழகிய கணினியில் இருந்தது 64 எம்பி ராம். அந்த மெஷினை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அப்படிப் பழகி, அதனாலேயே ஒரு வேலையில் உட்கார்ந்து பதினைந்து வருடம் ஓட்டியவன், அதைப்போல முப்பது மடங்கு ராம் உள்ள கணினியைக் காட்டி "இதில் முடியாது" என்று எப்படிச் சொன்னேன்? நான் சொன்ன பதில் கணினியைப் பற்றியதே அல்ல. நான் தினமும் பயன்படுத்தும் எடிட்டர் இதில் ஓடாது என்பதைத்தான் "கோடிங் பழக முடியாது" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்குப் போனபோது லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மாதம் என் சொந்த வேலைகளை அதில் மட்டும் செய்வது, எந்த எடிட்டர் தாங்குகிறது என்று பார்ப்பது, பிறகு அவளுக்குப் பதில் சொல்வது என்று முடிவு.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் போட்டேன், டெஸ்க்டாப்புக்கு லேசான எக்ஸ்எஃப்சிஇ. எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போது சுமார் 450 எம்பி போனது. மீதி ஒன்றரை ஜிபி. முதலில் எல்லோரும் பயன்படுத்தும் வகை எடிட்டரைத்தான் போட்டுப் பார்த்தேன், பழகிய கை அல்லவா. திறந்தது. ஒரு சி கோப்பைத் திறந்து, அதற்கான எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து, பக்கத்தில் பிரௌசரில் ஒரே ஒரு டேப் வைத்தேன். அவ்வளவுதான், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது. ராம் நிறைந்து டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதும் நிலை. ஒரு எழுத்தை அடித்தால் அது திரைக்கு வருவதற்குள் அடுத்த நான்கு எழுத்தை விரல் அடித்து முடித்திருக்கும். பழக ஆரம்பிக்கும் ஒரு பெண்ணுக்கு இது நேர்ந்தால், தவறு தன் கையில் இருக்கிறதா மெஷினில் இருக்கிறதா என்றே தெரியாது.

## கனம் எங்கிருந்து வந்தது

இதற்காக அந்த எடிட்டர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவற்றில் பல எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. நிரல்களைப் பகிர்ந்து வைக்கும் தளமான கிட்ஹப் தன்னுடைய ஆட்டம் எடிட்டருக்காக 2013-இல் தொடங்கிய வேலை அது. 2022 டிசம்பரில் ஆட்டம் நிறுத்தப்பட்டது, அடித்தளம் மட்டும் நிலைத்துவிட்டது. எலக்ட்ரான் என்றால் ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஒரு முழு குரோமியம் பிரௌசரும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ஒரு நோட்.ஜேஎஸ்ஸும் குடியிருக்கின்றன என்று பொருள். ஒரே நிரலை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட்டலாம் என்பது அதனால் கிடைக்கும் பெரிய வசதி. அந்த வசதிக்கான விலையை எழுதியவர் கொடுப்பதில்லை, நம் ராம்தான் கொடுக்கிறது. 16 ஜிபி உள்ளவருக்கு அந்த விலை கண்ணில் படாது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் நினைவுக்கு வருவார். போர்லாண்ட் 1983-இல் வெளியிட்ட டர்போ பாஸ்கல் என்ற நிரல் கருவியின் கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் பகுதியை, எழுதியவர். அதன் மூன்றாம் பதிப்பு 40 கிலோபைட்டுக்கும் குறைவான ஒரே ஒரு கோப்பு. எடிட்டர், கம்பைலர் எல்லாம் அதற்குள்தான். இன்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ அதைவிடப் பெரியது. பின்னாளில் மைக்ரோசாஃப்டில் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வடிவமைத்தவரும் அவரே, எலக்ட்ரான் மேல் நிற்கும் விஎஸ் கோட் எடிட்டர் எழுதப்பட்டிருப்பது அந்த மொழியில்தான். ஆக, மிகச் சின்னதற்கும் மிகப் பெரியதற்கும் பின்னால் ஒரே மனிதருடைய கை இருக்கிறது. கனமாக எழுதுகிறவர்களுக்குத் திறமை குறைவு என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் இதைத்தான் சொல்வேன். எந்தக் கணினியை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் வருகிறது. ஈமாக்ஸ் என்ற பழைய எடிட்டரைக்கூட ஒரு காலத்தில் எட்டு மெகாபைட்டை விழுங்குகிறது என்று திட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அது லேசானவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

அப்புறம் விம் என்ற, மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே ஓட்டும் எடிட்டருக்கு வந்தேன். சர்வர் வேலைக்காக அவசரத்துக்கு நுழைந்து வெளியேறும் அளவுக்குத்தான் அதுவரை தெரியும். இந்த முறை உட்கார்ந்து பழகினேன். அதன் தாத்தாவான விஐ எங்கே எழுதப்பட்டது என்று தெரிந்தபிறகுதான் அந்த விசித்திரமான கட்டளைகளின் நியாயம் எனக்குப் புரிந்தது. 1976 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் (திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள கருவி), 300 பாட் மோடம் வழியாக உட்கார்ந்து எழுதியது அது. 300 பாட் என்றால் விநாடிக்கு சுமார் 30 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரியும் உள்ள திரையை ஒருமுறை முழுசாக வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையை அடிக்கடி மாற்றி வரைந்தால் வேலை நடக்காது. அதனால்தான் ஒரு சொல்லை அழிக்க டி, டபிள்யூ என்று இரண்டே எழுத்து. எச், ஜே, கே, எல் விசைகளில் கர்சர் நகர்வதற்குக் காரணமும் அந்த டெர்மினல்தான், அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகள் அந்த நான்கின் மேலேயே அச்சடிக்கப்பட்டிருந்தன. இந்தப் பஞ்சத்தில் பிறந்த எடிட்டருக்கு என் 2 ஜிபி ஒரு அரண்மனை. திறந்தால் கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை, சுமார் நாற்பது நிமிடம் சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. பேட்டரி இல்லாததால் திரையும் அப்படியே கறுத்துவிட்டது. இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் எழுதியதை மனதில் திரும்பக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்து கோப்பைத் திறந்தால், ஸ்வாப் கோப்பு ஒன்று இருக்கிறது, மீட்கட்டுமா என்று விம் கேட்டது. ஆர் என்று அடித்தேன். கடைசி வரியில் பாதிச் சொல்லைத் தவிர எல்லாம் இருந்தது. 200 எழுத்து அடித்து முடித்தாலோ, 4 விநாடி கை நின்றாலோ, விம் தன் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். கணினி எந்த நேரமும் விழலாம் என்று தெரிந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும். பிராம் மூலனார் அமிகா கணினிக்காக எழுதி 1991-இல் வெளியிட்டது அது. விம்முக்குப் பணம் கேட்காமல், பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று திறக்கும் திரையிலேயே போட்டு வைத்தார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். அன்று இரவு அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

## க, ப, ம, த

விம்தான் பதில் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். அக்கா மகளுக்குப் போன் போட்டு, "உனக்கு ஒண்ணு கத்துத் தர்றேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும், ஆனா ஆயுசுக்கும் உதவும்" என்று சொன்னேன். அவள் உற்சாகமாகக் கேட்டுவிட்டு, "மாமா, கமென்ட் எல்லாம் தமிழ்ல எழுதலாம்ல? நான் நோட்ல அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். இங்கிலீஷ்ல எழுதினா எனக்கே அப்புறம் புரியாது" என்றாள்.

கமென்ட் என்பது நிரலுக்குள் நமக்காக எழுதி வைக்கும் குறிப்பு. எழுதலாமே என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரி நானே எழுதிப் பார்த்தேன். விம் ஓடும் டெர்மினல், அதாவது கட்டளைகளை அடிக்கும் ஜன்னல், கட்டம் போட்ட நோட்டு மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்கும். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் 'கெ' என்று அடித்தால் முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. 'கொ' இரண்டாக உடைந்தது. கர்சர் ஓரிடத்தில் நிற்கிறது, எழுத்து வேறோர் இடத்தில் அழிகிறது. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. விம்மில் எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளை கொடுப்பதற்கு ஒரு நிலை. தமிழ்99 விசைப்பலகையில் தமிழ் அடித்துவிட்டு, எஸ்கேப் அழுத்தி, கீழே இறங்கலாம் என்று ஜே விசையைத் தட்டினால் போவது ஜே அல்ல, 'ப'. எச், ஜே, கே, எல் என்ற அந்தப் புகழ்பெற்ற நான்கு விசைகள் தமிழ்99-இல் க, ப, ம, த. விம்முக்கு 'ப' என்றால் என்ன தெரியும்? ஒவ்வொரு கமென்ட்டுக்கும் மொழியை மாற்றி, நிலையை மாற்றி, மறுபடி மொழியை மாற்ற வேண்டும். அதற்குள்ளேயே வழிகள் இருக்கின்றன, தேடிப் படித்து அமைத்தும் பார்த்தேன். ஆனால் சி பழக வரும் பிள்ளையிடம் முதல் வாரமே இத்தனையையும் தூக்கிக் கொடுப்பது தவறு என்று பட்டது. எனக்குப் பிடித்துப்போன ஒன்றை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் அப்போதுதான் வந்தது.

அதனால் எதையும் முடிவு செய்யாமல், நேனோ, விம், ஜீனி என்ற மூன்று எடிட்டர்களையும் லேப்டாப்பில் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். ஜீனி 2005-இல் தொடங்கிய சின்ன எடிட்டர், என் லேப்டாப்பில் சுமார் 50 எம்பிதான் எடுத்தது.

## ஒரே கோப்பு

அவள் லேப் ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்தாள். ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வரும் விடை, கண்டுபிடிக்கும் நிரல். அவளாகவே அடித்தாள். கம்பைல் செய்தால் முதல் அடியிலேயே பிழை, 'கோனியோ' ஹெட்டர் கோப்பு இல்லை என்று. அவள் முகம் வாடிவிட்டது. "காலேஜ்ல ஓடுச்சு மாமா, இதே புரோகிராம்தான்." அவர்கள் லேபில் இருப்பது பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடும் டர்போ சி, நம்மில் பல தலைமுறை பார்த்த அதே நீலத் திரை. எஃப்2 தட்டினால் சேமிக்கும், கன்ட்ரோல் எஃப்9 தட்டினால் ஓடும். எனக்கும் அந்த நீலத்தின் மேல் பாசம் உண்டு. ஆனால் கோனியோவும் திரையைத் துடைக்கும் அந்தக் கட்டளையும் டாஸ் காலத்து போர்லாண்ட் கம்பைலரோடு வந்தவை, சி மொழியின் பொதுவான நூலகத்தில் அவை கிடையாது. அந்த வரிகளை எடுத்துவிட்டு, 'வாய்டு மெயின்' என்பதை 'இன்ட் மெயின்' ஆக்கச் சொன்னேன். ஓடியது. 5-க்கு 120.

அவள் முகத்தில் இன்னும் தெளிவில்லை. ஏதோ ஒரு மாற்றுச் சரக்கை வைத்து ஒப்பேற்றுகிறோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அதனால் அதே கோப்பை நேனோவில் திறந்து காட்டினேன். ஒரு வரியை மாற்றி, சேமித்து, டெர்மினலில் ஜிசிசி என்ற சி கம்பைலரின் கட்டளையை அடித்தேன். ஓடியது. பிறகு விம்மில் திறந்தேன். அதே கோப்பு, அதே கட்டளை. பிறகு ஜீனி. நான்காவதாக அவளே மவுஸை வாங்கி, எக்ஸ்எஃப்சிஇ-யோடு வரும் மவுஸ்பேட் என்ற சாதாரண நோட்பேடில் அதைத் திறந்தாள். நிறம்கூட இல்லாத வெறும் எழுத்து. சேமித்தாள், டெர்மினலுக்குப் போய் கட்டளையை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள், 120 வந்தது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அப்போ சி வேற, அந்த நீலத் திரை வேறயா?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. ஒரு செமஸ்டர் முழுக்க அவள் மனதில் சி என்றால் அந்த நீல ஜன்னல்தான். எழுதும் இடம், கம்பைலர், ஓடும் இடம் எல்லாம் ஒன்றாக உருகிக் கிடந்திருக்கின்றன. அந்த ஜன்னல் இல்லாத கணினியில் சி கிடையாது என்று நினைத்துத்தான் தீபாவளிக்கு என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் ஒரு மாதமாக எந்த எடிட்டர் எத்தனை எம்பி தின்கிறது என்று குறித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது இந்தப் பிரிவினை. எழுதுவது வெறும் உரைக் கோப்பு, அதை எதில் வேண்டுமானாலும் எழுதலாம், அதை எடுத்து மொழிபெயர்ப்பது வேறொரு நிரல். எனக்கு இது எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. தெரிந்துவிட்ட பிறகு, தெரியாமல் இருந்த நாள் மறந்துபோகிறது. சொல்லித் தருகிறவனுக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை.

அதற்குப் பிறகு நான் பேசவே தேவைப்படவில்லை. அவள் 5-ஐ 8 ஆக்கினாள். 40320. "இது லேப்ல வேற மாதிரி வந்துச்சு" என்று ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டினாள். பென்சிலில் குறித்து வைத்திருந்தாள்: -25216. "தப்பா அடிச்சிட்டேன்னு நினைச்சு 5-க்கே மாத்திட்டேன் மாமா." அவள் தப்பாக அடிக்கவில்லை. அந்த 16 பிட் கம்பைலரில் இன்ட் என்ற முழு எண் வகைக்கு இரண்டு பைட்தான், 32767-க்கு மேல் கொள்ளாது. 40320-இலிருந்து 65536-ஐக் கழித்தால் -25216. பேப்பரில் கழித்துப் பார்த்தாள். சரியாக வந்தபோது அவள் சிரித்த சிரிப்பைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. இங்கே இன்ட் நான்கு பைட் என்றேன். "அப்போ இங்கயும் எங்கயோ உடையணும்ல?" என்று 9, 10, 11 என்று ஏற்றிக்கொண்டே போய் 13-இல் பிடித்துவிட்டாள். 6227020800 வர வேண்டிய இடத்தில் 1932053504.

எடிட்டரை அவளே தேர்ந்தெடுத்தாள், ஜீனி. தமிழ்க் கமென்ட்டுகள் உடையாமல் நின்றன என்பது முதல் காரணம். இரண்டாவது, எஃப்8 தட்டினால் என்ன கட்டளை போகிறது என்பதைக் கீழே ஒரு கட்டத்தில் அப்படியே எழுதிக் காட்டுகிறது, எதையும் மறைப்பதில்லை. பிழை வரியைத் தட்டினால் அந்த இடத்துக்குக் கூட்டிப் போகிறது. நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. பேட்டரி இல்லாத மெஷின் என்பதால், ஜீனியோடு வரும் 'சேவ் ஆக்‌ஷன்ஸ்' என்ற ப்ளக்இன்னை இயக்கி, தானாகச் சேமிக்கும்படி வைத்தேன். இருட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தது அது. விம்மையும் நீக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், அவளுக்கு வேண்டுமென்று தோன்றும் நாளில் எடுத்துக்கொள்வாள். நான் என் சொந்த வேலைகளுக்கு இப்போது விம்மிலேயே இருக்கிறேன்.

நேற்று இரவு அவளிடமிருந்து ஒரு மெசேஜ். 'வணக்கம்' என்ற சொல்லை, நீளத்தை எண்ணிச் சொல்லும் எஸ்டிஆர்லென் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். "மாமா, வ, ண, க், க, ம் அஞ்சு எழுத்துதான? இது 21-ன்னு சொல்லுது. மெஷின் பழசுங்கறதாலயா?" இல்லை, எந்த மெஷினிலும் 21-தான். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளிகளைத் தனிக் குறிகளாக எண்ணினால் ஏழு, அவற்றைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அதை டைப் செய்ய ஆரம்பித்துவிட்டுப் பாதியில் அழித்தேன். "எதை எண்ணுதுன்னு நினைக்கிற? வெறும் 'வ' மட்டும் கொடுத்துப் பாரு, அப்புறம் 'க்' கொடுத்துப் பாரு" என்று மட்டும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "வ 3. க் 6. புள்ளிக்கும் இடம் வேணுமா மாமா?"